திருச்சிக்கு வந்த மகனும் இராமேசுவரத்துத் தந்தையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



1950ஆம் ஆண்டில் இராமேசுவரத்திலிருந்து ஓர் இளைஞர் இண்டர்மீடியட் படிப்பதற்காகத் திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது பதினெட்டு வயது. தந்தை படகு வைத்துப் பிழைத்தவர். ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். மகன் சேர்ந்ததோ கிறித்தவத் துறவியர் நடத்திய தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையாரால் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த பழம்பெரும் கல்லூரி அது. ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு பெருமக்களின் முயற்சியால் நம் சமுதாயத்துக்கென்று இவ்வூரில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது அடுத்த ஆண்டு, 1951இல்தான். ஆகவே அந்த இமாம் தம் மகனைத் திருச்சிக்கு அனுப்பியபோது, வேற்று மார்க்கத்தாரின் கூரையின் கீழ், வேற்று மார்க்கத்துப் பிள்ளைகளோடு உண்டு உறங்கி வாழத்தான் அனுப்பினார்.

அந்த இளைஞரின் பெயர் ஆவுல் பகீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். நான்கு ஆண்டுகள் அவர் நம் ஊரில் வாழ்ந்தார். 1954இல் இயற்பியல் பட்டத்தோடு வெளியேறினார். பின்னர் அவர் செய்த ஏவூர்திகளையும் ஏவுகணைகளையும், 1997இல் பெற்ற பாரத ரத்னா விருதையும், 2002 முதல் 2007 வரை வகித்த குடியரசுத் தலைவர் பதவியையும் பலர் எழுதிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் மேடைகளில் ஒப்பிக்கிறார்கள். நான் எழுத விரும்புவது மகனைப் பற்றியன்று. மர்ஹூம் ஜைனுலாப்தீன் என்ற தந்தையைப் பற்றி. மகனைக் கண்ணால் காண முடியாத அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு தந்தையின் அன்பு எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்ற கேள்வி சில காலமாக என்னை விடாமல் இருக்கிறது.

இந்தக் கேள்வி திருச்சி மக்களுக்குப் புதிதன்று. நம் வீடுகளில் பயணம் போகிறவர் பெரும்பாலும் தந்தை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் புறப்படும் விமானங்களுக்காக, விடியுமுன் விமான நிலைய வாசலில் பிள்ளைகளைத் தூக்கி முத்தமிட்டு நிற்கும் தந்தையரை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். சிலருக்காகத் துஆ ஓதவும் சென்றிருக்கிறேன். கண்ணுக்கு எட்டாத தூரம் என்பது நம் குடும்பங்களின் அன்றாடச் செய்தி.

1999இல் வெளியான 'அக்னிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றிலும், வேறு நூல்களிலும் உரைகளிலும் கலாம் தம் தந்தையை மீண்டும் மீண்டும் நினைவுகூர்கிறார். ஜைனுலாப்தீனுக்கு முறையான கல்வி அதிகமில்லை. பெரிய செல்வமும் இல்லை. அதிகாலை நான்கு மணிக்குத் தொழுகையோடு நாளைத் தொடங்குவார். பின்னர் ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் இருந்த தம் சிறிய தென்னந்தோப்புக்கு நடந்து செல்வார். பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்புவார். அதன் பிறகுதான் காலையுணவு. அறுபது வயதைத் தாண்டி, அறுபதுகளின் இறுதியிலும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜைனுலாப்தீன் 1976இல் இறையடி சேர்ந்தபோது அவருக்கு வயது 102 என்று மகன் எழுதுகிறார். கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அப்படியானால் மகன் பிறந்தபோது தந்தை ஐம்பத்தேழு வயதை ஒட்டியவர். சுப்ஹு தொழுதுவிட்டுத் தேங்காய் சுமந்து வந்த அந்த மனிதரை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு எட்டு, பத்து வயது இருக்கும். மகனைத் திருச்சிக்கு அனுப்பும்போது தந்தைக்கு ஏறத்தாழ எழுபத்தாறு. 'வயதாகிவிட்டது, பிள்ளைகளோடு பேச இனி எனக்குப் பொறுமை இல்லை' என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. நாற்பது வயதிலேயே அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றோர் இந்தக் கணக்கின் முன் சற்று நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தத் தந்தை மகனுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினார் என்று கலாம் எங்கும் சொல்லவில்லை. அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இன்றைய குழந்தை வளர்ப்புப் பயிலரங்குகளில் 'பிள்ளைக்கு நாளொன்றுக்கு இத்தனை நிமிடம்' என்று அட்டவணை தருகிறார்கள். ஜைனுலாப்தீன் வேறொன்றைச் செய்தார். தாம் செய்த வேலைகளின் ஓரத்தில் மகனுக்கு ஓர் இடம் வைத்திருந்தார். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல அவர் கடற்கரையில் ஒரு மரப்படகு கட்டத் தொடங்கியபோது மகனுக்கு ஆறு வயது. உறவினர் அகமது ஜலாலுத்தீன் உடன் நின்று வேலை செய்தார். மரம் பலகையாகி, பலகை படகாவதைச் சிறுவன் பார்த்துக்கொண்டே இருந்தான். 'தூரப் போ, காலில் ஆணி குத்தும்' என்று யாரும் அவனை விரட்டியதாகத் தெரியவில்லை. அந்தப் படகைப் பின்னர் ஒரு புயல் கொண்டுபோய்விட்டது. பார்த்தவனின் மனத்திலிருந்து அது போகவில்லை.

மாலையில் தந்தை அவனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்வார். ஓதப்படும் அரபுச் சொற்களின் பொருள் அவனுக்குத் தெரியாது; ஆனால் அவை இறைவனிடம் போய்ச் சேர்கின்றன என்பதில் ஐயமே இருந்ததில்லை என்று பின்னாளில் எழுதுகிறார். தொழுகை முடிந்து இமாம் வெளியே வரும்போது, பல சமயத்தவரும் நோயாளிகளுக்காகக் கிண்ணங்களில் தண்ணீர் ஏந்தி அங்கே காத்திருப்பார்கள். அவர் விரல் நனைத்துத் துஆ செய்வார். பிணி தீர்ந்து நன்றி சொல்ல வருபவர்களிடம் புன்னகையோடு, அல்லாஹ்வுக்கே நன்றி சொல்லுங்கள் என்பார். மக்கள் தம்மை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உயர்வைத் தாம் வைத்துக்கொள்ளாமல் உரியவனிடம் ஒப்படைக்கும் ஒரு மனிதரை, மகன் பக்கத்தில் நின்று பார்த்தான். இதை எந்தப் பாடத்திட்டத்தில் வைத்து நாம் கற்பிப்பது?

தொழுகையால் என்ன பயன் என்று அவன் கேட்டிருக்கிறான். இமாமின் மகன் கேட்ட கேள்வி இது! நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு முதல் விடை பெரும்பாலும் ஒரு முறைப்பு. அடுத்தது 'இதெல்லாம் கேட்கக் கூடாது'. அவரோ அமர்ந்து விடை சொன்னார். ஆழமான ஆன்மிகக் கருத்துகளையும் மிக எளிய தமிழில், மண்ணில் கால் பதித்த சொற்களில் சொல்லத் தெரிந்தவர் தம் தந்தை என்று மகன் சான்று கூறுகிறார். ஒரு மத்ரஸா ஆசிரியனாக இந்தச் சான்றிதழுக்கு நான் மிகவும் ஆசைப்படுகிறேன். எனக்கு அது கிடைக்குமா என்று தெரியவில்லை.

இனி, இந்த வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன்.

கலாம் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு புதிய ஆசிரியர் வந்தார். தொப்பி அணிந்த முஸ்லிம் சிறுவன், கோயில் குருக்களின் மகன் இராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். கலாம் மனம் நொந்து எழுந்து போனார். அதைப் பார்த்து இராமநாதன் அழுதான். பள்ளி விட்டதும் இரு சிறுவர்களும் நடந்ததைத் தத்தம் வீட்டில் சொன்னார்கள். இராமநாதனின் தந்தை பட்சி லட்சுமண சாஸ்திரி ஜைனுலாப்தீனின் நெருங்கிய நண்பர். இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்கள். அவர் அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகளின் முன்னிலையிலேயே, இளம் மனங்களில் நஞ்சு கலக்காதீர் என்று கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், அல்லது பள்ளியையும் தீவையும் விட்டுப் போக வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தினார், திருந்தினார்.

இந்த நிகழ்ச்சியை மேடைகளில் சொல்லும்போது எல்லோரும் சாஸ்திரியாரின் நீதியுணர்வைப் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான், நானும் ஜும்ஆ பயானில் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். ஆனால் பல ஆண்டுகள் கழித்தே இடையில் உள்ள ஒரு சிறு வரி என் கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டில் சொன்னார்கள். அவமானப்பட்ட ஒரு குழந்தை அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்பவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு கீழே இறக்கி வைத்தது. சாஸ்திரியாரின் நீதி நடந்ததே அதனால்தான். அந்த இரு சிறுவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஊரில் இரண்டு பெருந்தந்தையர் இருந்தும் பயனில்லை.

திருக்குர்ஆனில் யூஸுப் (அலை) அவர்களின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். கிணற்றில் அன்று; சிறையில் அன்று; எகிப்தின் அரண்மனையிலும் அன்று. ஒரு சிறுவர் தாம் கண்ட கனவைத் தந்தையிடம் வந்து சொல்வதில் தொடங்குகிறது. 'என் தந்தையே' என்று அவர் அழைக்கிறார். 'என் அருமை மகனே' என்று யஃகூப் (அலை) விடை சொல்கிறார்கள். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குச் சிரம் பணிந்ததாக ஒரு பிள்ளை வந்து சொன்னால், 'தூங்கும்போது போர்வையைச் சரியாகப் போர்த்திக்கொள்' என்று சிரித்துவிட்டு நாம் நம் வேலைக்குப் போயிருப்போம். யஃகூப் (அலை) கேட்டார்கள், கனவின் கனத்தை உணர்ந்தார்கள், மகனை எச்சரித்தார்கள். இத்தனை ஆண்டுகளாக அந்த சூராவை ஓதிக் கொடுக்கிறேன். தஜ்வீதைத் திருத்துவேன், மத்துகளைத் திருத்துவேன். முதல் வசனங்களில் ஒரு மகன் தந்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை மாணவர்களுக்கு நின்று சொன்னதில்லை.

அதைச் சொல்ல வைத்தவன் என் மக்தபில் ஓதிய ஒரு சிறுவன். அவனுடைய தந்தை சவூதியில் வேலை செய்கிறார். பையன் நன்றாக ஓதுவான். திடீரென்று வாய் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போக மறுப்பதாகவும், காலையில் வயிற்றுவலி என்பதாகவும் தாயார் சொல்லியனுப்பினார். ஒரு நாள் அஸருக்குப் பின் தனியே உட்கார வைத்து, நெடுநேரம் வேறு எதையெதையோ பேசிய பிறகு சொன்னான். வகுப்பில் சிலர் அவனுடைய மார்க்கத்தைச் சுட்டி ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகக் கூப்பிடுகிறார்கள். நான் கேட்டேன்: "அத்தாவிடம் சொல்லவில்லையா? தினமும் போனில் பேசுகிறீர்களே?" அவன் சொன்னான்: "அத்தா 'நல்லா இருக்கியா'ன்னு கேப்பாங்க ஹஜ்ரத். 'நல்லா இருக்கேன்'னு சொல்லுவேன். அப்புறம் போனை அம்மாகிட்ட கொடுத்துடுவேன்."

அந்தத் தந்தையை நான் குறை சொல்லவில்லை. அவர் வெயிலில் நின்று சம்பாதிப்பது இந்தப் பிள்ளைக்காகத்தான். அவருக்குத் தெரிவித்தோம், அவர் அழுதார், தாய்மாமன் பள்ளிக்குச் சென்று பேசினார், அல்ஹம்துலில்லாஹ், அது சரியாகிவிட்டது. ஆனால் 'நல்லா இருக்கியா' என்ற கேள்விக்குள் ஒரு குழந்தை எதையும் வைக்க முடியாது என்பதை அன்று நான் கற்றுக்கொண்டேன். நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைரைச் சந்தித்தபோது பொதுவாக நலம் விசாரித்து நகரவில்லை. அவர் விளையாடிக்கொண்டிருந்த சிறு குருவியைப் பெயர் சொல்லி, அது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். புகாரியில் இடம்பெற்ற இந்த ஹதீஸிலிருந்து சட்ட நுணுக்கங்கள் பலவற்றை நம் இமாம்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இப்போது அதில் தெரிவது ஒன்றுதான்: அந்தக் குழந்தையிடம் ஒரு குருவி இருந்தது என்பது அல்லாஹ்வின் தூதருக்குத் தெரிந்திருந்தது.

அன்பைப் பற்றியே பேசிக்கொண்டு போனால், ஜைனுலாப்தீன் கண்டிக்கத் தெரியாதவர் என்று தோன்றிவிடும். அப்படியில்லை. அவர் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சமயம், அவர் தொழுகையில் இருந்தபோது ஒருவர் வந்து ஒரு தட்டை நீட்டினார். சிறுவன் கலாம் அதைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். தந்தை வந்து திறந்து பார்த்தால் வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு. அன்று அவருக்கு வந்த சினத்தை மகன் அதற்கு முன் கண்டதில்லை. முதன்முறையாக அடி வாங்கினான். பயந்து அழுதான், தாயார் ஆஷியம்மா அணைத்துக்கொண்டார். பின்னர் தந்தையே வந்து தோளில் பரிவோடு கை வைத்து, பதவியில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பு எத்தகைய ஆபத்து என்று விளக்கினார். பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் தமக்குரிய ஊதியத்துக்கு மேல் எடுப்பது மோசடி என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் நபிமொழியையே அவர் கருதியிருக்க வேண்டும்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லி, 'பார்த்தீர்களா, அடித்து வளர்த்ததால்தான் குடியரசுத் தலைவர் ஆனார்' என்று என்னிடம் வாதாடிய பெற்றோர் உண்டு. மகனைக் கொண்டுவந்து விட்டு, 'ஹஜ்ரத், எலும்பு மட்டும் எங்களுக்கு, தோல் உங்களுக்கு' என்று சொல்லும் பழக்கமும் நம்மிடம் இன்னும் இருக்கிறது. நான் அவர்களுக்குச் சொல்வது: அடி ஒரு நாள் நடந்தது. அது மகனின் நினைவில் நின்றதற்குக் காரணமே அதுவரை நடக்காததுதான். தோளில் வைத்த கையும் சொன்ன விளக்கமும் இல்லாதிருந்தால், அந்தப் பையன் கற்றிருக்கக்கூடியது அப்பா இல்லாத நேரத்தில் தட்டை வாங்கி ஒளித்து வைக்கும் வித்தையைத்தான்.

தொடக்கக் கல்வி முடிந்ததும், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போக மகன் அனுமதி கேட்டான். தாய் தயங்கினார். லெபனான் கவிஞர் கலீல் ஜிப்ரானின் சிந்தனை ஒன்றைச் சொல்லித் தந்தை அவரைத் தேற்றினார். பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று அல்பாத்திஹா ஓதி, இரயிலேற்றி விட்டார். மகன் மாவட்ட ஆட்சியர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இராமநாதபுரத்தில் மகனுக்கு வீட்டு ஞாபகமும், அம்மா சுடும் போளியின் ஞாபகமும் வாட்டின. தந்தையின் நம்பிக்கையை நினைத்து அங்கேயே நிலைத்தான். ஆட்சியர் ஆசை நிறைவேறவில்லை என்பது நமக்குத் தெரியும். அதற்காக அந்தத் தந்தை மகனிடம் மனத்தாங்கல் கொண்டதாக ஒரு சொல்லும் இல்லை.

அதன் பின்தான் திருச்சி.

விடுதியில் கலாமோடு ஒரே அறையில் இருவர் தங்கினார்கள். ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் மாணவர். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். காவிரிக்கு இந்தப் பக்கம் கல்லூரி, அந்தப் பக்கம் திருவரங்கம். இன்று நாம் காணும் 236 அடி இராசகோபுரம் அப்போது இல்லை. அது 1987இல்தான் முடிந்தது. அன்று அங்கே நின்றது தலையில்லாத மொட்டைக் கோபுரம். ஐந்து வேளை தொழும் வீட்டிலிருந்து வந்தவரும், திருமண் இட்ட வீட்டிலிருந்து வந்தவரும், சிலுவை மாட்டிய வீட்டிலிருந்து வந்தவரும் அந்த அறையில் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று கலாம் எழுதுகிறார். இவ்வளவு இயல்பாக அது நடந்ததற்குக் காரணம், அவர் தம் வீட்டில் ஏற்கெனவே கண்டதுதான்: இமாமும் குருக்களும் தத்தம் மரபு உடையோடு உட்கார்ந்து ஆன்மிகம் பேசிக்கொண்டிருந்த காட்சி. தந்தையின் நட்பு மகனுக்கு வழிச்சோறாகக் கட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. திருச்சியிலும் அதே காட்சி வேறு வடிவில் கிடைத்தது. கணிதப் பேராசிரியர்கள் தோத்தாத்ரி ஐயங்காரும் சூரியநாராயண சாஸ்திரியும் கல்லூரி வளாகத்தில் சேர்ந்து நடந்து போவது தம் நெஞ்சில் நிலைத்துவிட்டது என்கிறார். மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக்கூடத்தின் செயலராக அவர் இருந்தபோது, மூவரும் சேர்ந்து கல்லூரி அதிபர் அருட்தந்தை களத்திலை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார்கள். தங்கள் ஊர்ச் சமையல்களை எல்லாம் கலந்து பரிமாறினார்கள். சமையல் எதிர்பார்த்தபடி அமையாவிட்டாலும் அவர் மனதாரப் பாராட்டிச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

விடுதிக் காப்பாளர் அருட்தந்தை டி. என். செக்குவேரா, ஆங்கில ஆசிரியரும் அவரே. மூன்று மாடி விடுதியில் ஏறத்தாழ நூறு மாணவர்கள். ஒவ்வோர் இரவும் கையில் விவிலியத்தோடு ஒவ்வொரு மாணவரையும் அவர் போய்ப் பார்ப்பார். மாணவர்களின் மிகச் சிறிய தேவையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தீபாவளி வந்தால், எண்ணெய்க் குளியலுக்காக நல்லெண்ணெயை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார். கிறித்தவப் பாதிரியார், இந்து மாணவனுக்கு எண்ணெய். பார்த்துக்கொண்டிருந்தவர் முஸ்லிம் இமாமின் மகன். அரை நூற்றாண்டு கழித்தும் அவருக்கு அந்த எண்ணெய் மறக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நாணமாக இருந்தது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் இளமையில் ஒரு மத்ரஸாவின் விடுதிப் பொறுப்பு மூன்று ஆண்டுகள் என்னிடம் இருந்தது. இஷாவுக்குப் பின் வாசலில் நின்று தலைகளை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். அறை அறையாக நான் போனதில்லை. போர்வைக்குள் அழுத ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை, அவர்கள் வளர்ந்து ஆலிம்களாகி, என்னோடு சிரித்துப் பேசும் உரிமை பெற்ற பிறகு அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் குழந்தைகளின் தந்தையர் என்னை நம்பித்தான் ஊரில் உறங்கினார்கள். ஜைனுலாப்தீன் இராமேசுவரத்தில் நிம்மதியாக உறங்கியிருந்தால், அதில் செக்குவேராவின் கால்நடைக்கும் பங்கு உண்டு. ஒரு தந்தையின் கவனம் எட்டாத இடத்தில் அதை வாங்கித் தொடர்பவர் ஒருவர் வேண்டும். நம்மிடம் ஒப்படைக்கப்படும் பிள்ளைகள் அமானிதம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அமானிதத்தைத் தலை எண்ணிப் பாதுகாக்க முடியாது.

கலாமின் பிற்காலக் கதையில் இன்னும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். திருச்சிப் படிப்பு முடிந்ததும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். தந்தையால் அவ்வளவு தர இயலவில்லை. அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பல சமயங்களில் நாம் இதைச் சகோதரியின் தியாகம் என்று மட்டும் படிக்கிறோம். பிள்ளைகள் ஒருவருக்காக ஒருவர் இப்படிக் கழற்றிக் கொடுக்கும் வீட்டை ஒருவர் கட்டியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் அங்கே இலை விழவில்லை. குடும்பத்தாரைவிட வெளியாரே அதிகமாக ஆஷியம்மாவின் கையால் உண்டார்கள்.

தந்தை இறந்த செய்தி கேட்டு இராமேசுவரம் சென்ற மகன் தாயின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார், பேச வரவில்லை. கலாம் மணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் பிற்காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிப் பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வார். கேட்ட கேள்விக்கு நின்று விடை சொல்வார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில், மாணவர்களின் முன் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் மயங்கி விழுந்தார். பேக்கரும்பில் அடக்கப்பட்டார்.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் என் மகள் ஏதோ சொல்ல வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் தாளிலிருந்து தலை நிமிராமல் "சொல்லும்மா" என்றேன். அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு, "ஒண்ணுமில்லத்தா, நீங்க எழுதுங்க" என்று போய்விட்டாள். எழுதிக்கொண்டிருந்தது எதைப் பற்றி என்று நினைத்தபோது பேனா ஓடவில்லை. மறுநாள் மக்ரிப் முடிந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்துக்குப் போனேன். நடைபாதையில் கடலை வாங்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கரையில் திருவரங்கத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் எதுவும் கேட்கவில்லை. பொட்டலம் பாதிக்கு மேல் தீர்ந்த பிறகு அவளே தொடங்கினாள்.